உலாயூ அண்ணியின் கடைக்குட்டி

என் அண்ணன் ஐப்பிலி செத்த பிறகு எங்கள் ஊர் பேசிய பேச்சை நான் இந்த ஜென்மத்தில் மன்னிக்கப் போவதில்லை. "பொண்டாட்டி பேட்டரிக்கு சார்ஜ் போட மறந்துட்டாளாம். பாவம், மனுஷன் நட்டநடுப் பனியில மாட்டிக்கிட்டான்" என்று கடையில் மாவு வாங்க நின்ற இடத்தில் என் காதுபடவே சொன்னார்கள். நான் அப்போது நிறைமாசம். இல்லையென்றால் அங்கேயே இரண்டில் ஒன்று பார்த்திருப்பேன்.

உலாயூ அண்ணியா மறப்பாள்? சீட்டாட்டத்தில் யார் எந்தச் சீட்டை எப்போது போட்டார்கள் என்று ஒரு வாரம் கழித்தும் சொல்லிச் சண்டை பிடிப்பவள் அவள். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் குரல் கேட்டால் வாத்தியார்களே தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு வாய், அப்படி ஒரு ஞாபகம்.

பேட்டரியை ராத்திரிக் குளிரில் விட்டால் காலையில் உதவாது என்பது கடலே உறைகிற இந்த வடகோடி ஊரில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். அண்ணன் வாங்கிய புதுப் பனிவண்டியில் கையால் இழுத்துக் கிளப்பக் கயிறும் கிடையாது. பேட்டரி போனால் வண்டி போச்சு. அதனால் அண்ணன் சாயங்காலம் கடல்நாய் வேட்டையிலிருந்து வந்து இறங்கியதும், அவன் கையுறையைக் கழற்றுவதற்குள் அண்ணி ஓடிப்போய் பேட்டரியைக் கழற்றி, துண்டில் சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவாள். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் சார்ஜர் இருந்தது. பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து தெற்கே நகரத்துக்குப் போய்விட்டதால் பேட்டரிதான் கடைக்குட்டி என்று அண்ணனுக்கு ஒரு கேலி.

"கடைக்குட்டிக்குப் பால் குடுத்தாச்சாடி?"

"குடிச்சிட்டுத் தூங்குது. கத்தி எழுப்பிடாதீங்க."

"என்னை ஒரு நாளாச்சும் இப்படித் துண்டு சுத்தித் தூக்கியிருக்கியா நீ?"

"தூக்கலாம். அந்தத் தொப்பைய வெளிய வச்சிட்டு வாங்க."

நாள்தோறும் இதே பேச்சு. எனக்கே சில நாள் எரிச்சலாக இருக்கும். இப்போது அந்தப் பேச்சை ஒரு தடவை கேட்க எதையும் கொடுப்பேன்.

அண்ணன் எப்போதும் உறைந்த கடல்பனிமேல் போய் அன்றைக்கே திரும்பிவிடுவான். அந்த முறை கலைமான் கூட்டம் உள்ளே ஏரிப்பக்கம் நிற்கிறது என்று கேள்விப்பட்டு, கூடாரம் கட்டிக்கொண்டு தங்கி வருவதாகக் கிளம்பினான். பின்னாலேயே புயல் வந்தது. புயல் விட்டதும் தேடப் போனவர்கள் வண்டியைக் கண்டார்கள். டேங்கில் பெட்ரோல் இருந்தது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை. அவன் ரேடியோவும் அந்தப் பேட்டரியை நம்பித்தான் இருந்தது. புயலுக்குக் கூடாரம் தாங்காது என்று பக்கத்தில் பனியை அறுத்துக் குடில் கட்டித் தங்கியிருந்திருக்கிறான். யாரும் வரவில்லை என்றதும் ஊரைப் பார்த்து நடந்திருக்கிறான். வழியில்தான் கிடந்தான்.

அண்ணி சாவுக்கு அழுததைவிட ஊர்ப்பேச்சுக்குக் கொதித்தாள். "வண்டிய இழுத்துட்டு வரச் சொல்லு. நான் சார்ஜ் போட்டேனா இல்லையான்னு தெரியணும். தெரிஞ்சப்புறம் ஒருத்தி வாய் திறக்கட்டும், பாக்குறேன்" என்றாள்.

எங்கள் சித்தி மகன் ஜேபிட்டிதான் ஊரில் பனிவண்டி பழுது பார்ப்பவன். அவன் கொட்டகைக்கு வண்டி வந்தது. அண்ணி ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டாள். முந்தின நாளே பேட்டரியை அவன் சார்ஜ் போட்டு வைத்திருந்தான். இப்போது மீட்டரை வைத்துப் பார்த்தான்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு அண்ணி. சார்ஜ் அப்படியே நிக்குது. நீங்க போட்ட சார்ஜும் நின்னிருக்கும்."

"கேட்டியா!" என்று அண்ணி என் தொடையில் ஓங்கி அடித்தாள். அவள் முகம் எத்தனையோ நாளுக்குப் பிறகு மலர்ந்தது. "எழுந்திரு. கடைக்குப் போவோம். மாவு வாங்குற அத்தனை பேர் முன்னாடியும் சொல்லிட்டு வருவோம்."

அப்போதே கிளம்பியிருக்கலாம். பாழாய்ப்போன என் இடுப்பு வலித்தது, எழுந்திருக்க நேரமாயிற்று. அதற்குள் ஜேபிட்டி பேட்டரியை வண்டியில் மாட்டிக் கிளப்பிவிட்டான். மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்துக்கொண்டு எஞ்சினை முறுக்கினான். எண் ஏறவில்லை. இன்னும் முறுக்கினான். ஏறுவதற்குப் பதில் இறங்கியது.

"என்னடா?" என்றாள் அண்ணி.

"ஓடுற வண்டி பேட்டரிக்குத் திருப்பிக் குடுக்கணும் அண்ணி. இது குடுக்கல. தின்னுக்கிட்டே இருக்கு."

ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தான், நன்றாக இருந்தது. எஞ்சினிலிருந்து வருகிற கம்பிகளைத் தடவிக்கொண்டே போய், அடியில் ஒரு இணைப்பைப் பிரித்தான். பிரித்த வேகத்தில் கட்டைவிரலால் மூடிக்கொண்டான்.

"கைய எடு."

"ஒண்ணுமில்ல அண்ணி. போற வழியில ஆடி ஆடிக் கழண்டிருக்கும். அந்தப் பயணத்துலதான்."

"ஜேபிட்டி, கைய எடுன்னேன்."

எடுத்தான். கடல்பனிமேல் ஓடி ஓடி உப்புத்தண்ணீர் உள்ளே ஏறி, இணைப்பு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. உள்ளே மின்சாரம் கடத்துகிற ஒரு முள் அரித்துத் தீர்ந்தே போயிருந்தது.

"சமையல்கட்டுல செப்புக் குழாய் பாத்தவடா நான். ஒரு பயணத்துல இப்படிப் பூக்காது. எப்போலேருந்து?"

அவன் தரையைப் பார்த்தான். "போன குளிர்லேருந்தே இருக்கும் அண்ணி."

அண்ணி கணக்குப் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி மெதுவாகச் சொன்னாள். "காலையில நெறஞ்சு போகும். சாயங்காலம் வரைக்கும் தாங்கும். நான் எடுத்துட்டு வந்து மறுபடி நெறச்சிடுவேன். வண்டி ஊட்டலைங்கிறது யாருக்கும் தெரியாமப் போச்சு. நான்தான் ஊட்டிக்கிட்டே இருந்தேனே!"

"நீ என்ன பண்ணுவே அண்ணி, நல்லதுக்குத்தானே..." என்று ஆரம்பித்தேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

கடைக்குப் போகவேயில்லை. ஊர் பேசுவதை நிறுத்தவும் இல்லை. ஒரு நாள் நான் ஒருத்தியின் மேல் பாயப் போக, அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். "விடு. மறந்திருந்தாத்தான் நல்லாயிருந்திருக்கும்" என்றாள். சீட்டாட வருவதும் நின்றது. சமையலறையில் அவள் குரலும் கேட்கவில்லை.

எனக்கு மகன் பிறந்தான். ஐப்பிலி என்று பெயர் வைத்தோம். எங்களில் செத்தவர் பெயர் வந்தால் ஆளும் வந்த மாதிரி. நான் பெற்ற பிள்ளையை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். என் கணவர் துணி மாற்றும்போது, "மச்சான், மறுபடியுமா? வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்பார். ஊரே வந்து அவனை மோந்து கொஞ்சிவிட்டுப் போனது. வராதவள் அண்ணி மட்டும்தான். அவளுக்கு அவன் வீட்டுக்காரர் ஆயிற்றே, எந்த முகத்தோடு வருவாள்?

மாசக்கணக்கில் பொறுத்துப் பார்த்து, எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளையை முதுகில் போட்டுக்கொண்டு நானே போனேன். அண்ணி அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். சுவரில் சார்ஜர் அப்படியே இருந்தது, அடியில் அந்தத் துண்டு மடித்து வைத்திருந்தது.

"உன் வீட்டுக்காரர் வந்திருக்கார். எத்தனை நாள் வாசல்ல நிக்க வைப்பே?" என்று அவள் மடியில் போட்டேன்.

அவள் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் ஒரு தும்மல் போட்டான். உடனே கை தானாகப் போய் அந்தத் துண்டை எடுத்தது. அவனைச் சுற்றினாள், தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"என்னங்க," என்றாள். துண்டின் ஓரத்தை இழுத்துவிட்டு மறுபடி சொன்னாள். "என்னங்க, நான் அந்தப் பேட்டரிய வெளியிலயே விட்டிருக்கணுங்க. விட்டிருந்தா அது நம்ம வாசல்லயே செத்திருக்கும். நீங்க என்னைத் திட்டிட்டு வீட்டோட இருந்திருப்பீங்க."

அண்ணன் அவள் பின்னலைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டான். அவள் அதை எடுக்கவில்லை.