ரங்கூன் ஹோட்டலில் பதினாறு நாள்

ரங்கூனில் ஆற்றங்கரை ஹோட்டல் ஒன்றில் பதினாறு நாள் தங்கியிருக்கிறேன் என்று சொன்னால் இன்றும் கேட்பவர்கள் கண்ணை விரிக்கிறார்கள். பளிங்குத் தரை, பித்தளைக் குழாய், தினமும் மாற்றுகிற படுக்கை விரிப்பு எல்லாம் உண்மைதான். ஆனால் அவ்வளவு எரிச்சலோடு கழிந்த நாட்கள் என் வாழ்க்கையில் வேறு இல்லை.

அது முப்பதுகளின் நடுப்பகுதி. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. வயது இருபத்தேழு, கல்யாணம் ஆகவில்லை. அந்த வகுப்பு எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. ஆறு வருஷம் சின்னப் பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்துவிட்டு, பிறகுதான் கிடைத்தது. இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு எங்கள் பள்ளியில் அது ஒன்றுதான்.

ஏப்ரல் கடைசியில், லீவு விட்ட மறுநாள், ராஜபாளையத்திலிருந்து ஒரு அம்மாள் வண்டி கட்டிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். ஐம்பது வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். கணவர் இளம் வயதிலேயே பர்மா போய், ஒரு வெள்ளைக்கார துரையோடு கூட்டுச் சேர்ந்து ரங்கூனில் அரிசி மில் வைத்தவர். ஒரு வருஷத்துக்கு முன் இறந்துவிட்டார். மில் நொடித்துப்போய் ஆறு மாசமாக மூடிக் கிடக்கிறது, நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் உங்கள் பங்கை நானே எடுத்துக்கொள்கிறேன், கப்பல் டிக்கெட்டும் ஹோட்டலும் என் பொறுப்பு என்று துரை எழுதியிருந்தார். கொழுந்தன்மார் இருவர் நாங்கள் போகிறோம் என்று நின்றார்களாம். அம்மாளுக்கு அது பிடிக்கவில்லை.

"அவிய போனா எனக்குன்னு ஒண்ணும் திரும்பி வராது, டீச்சரம்மா. நீங்க இங்கிலீஷ் படிச்சவுக. கூட வாங்க. பள்ளிக்கூடம் தொறக்க முந்தி வந்துருவோம்."

கப்பலைப் பார்க்கும் ஆசையில் நான் சரி என்றேன். உண்மையைச் சொன்னால் வேறு காரணம் இல்லை.

மதராஸில் கப்பல் ஏறி ரங்கூனில் இறங்கினோம். நம்மவர்களை அந்த ஹோட்டலில் சேர்ப்பதே அபூர்வம். துரையின் சிபாரிசால் இடம் கிடைத்தது. கீழே சாப்பாட்டு ஹாலுக்கு வரக்கூடாது, சாயங்காலம் முன்வராந்தாவில் உட்காரக்கூடாது, சாப்பாடு அறைக்கே வரும் என்று மானேஜர் சொன்னார். அம்மாளுக்கு ஆற்றைப் பார்த்த பெரிய அறை. எனக்கு உள்பக்கத்தில், வெள்ளைக்காரச் சீமாட்டிகளோடு வரும் ஆயாக்களுக்கான சிறிய அறை. நான் ஆசிரியை என்று சொன்னேன். "ஆமாம், ஆமாம்" என்று தலையை ஆட்டிவிட்டு மானேஜர் அந்தச் சாவியையே நீட்டினார்.

"என்ன சொல்லுதாரு?" என்று அம்மாள் கேட்டார்.

"ரூம் சாவி தாராரும்மா" என்றேன். நான் செய்த முதல் மொழிபெயர்ப்பு அதுதான்.

இரண்டாம் நாள் துரை வந்தார். தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினார். அம்மாளின் கணவரைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தழுதழுத்தது. அதை நான் அப்படியே தமிழில் சொன்னேன், தழுதழுப்பு உட்பட. பிறகு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அம்மாள் காகிதத்தைத் தொடவில்லை. "போடுதேன். மொதல்ல மில்லைப் பாக்கணும். அவுக முப்பது வருஷம் இருந்த எடம். பாத்துட்டுப் போடுதேன்."

மில் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. துரை எங்களை ஜன்னலுக்கு அழைத்துப் போய்க் கையை நீட்டிக் காட்டினார். அக்கரையில் வரிசையாகப் புகைபோக்கிகள். எல்லாவற்றிலும் புகை வந்தது, ஒன்றைத் தவிர. அதுதான் நம் மில் என்றார். இங்கிருந்தே பார்த்தாயிற்றே, அங்கே துருவும் வௌவாலும்தான் இருக்கின்றன என்றார். அம்மாள் வெகுநேரம் அந்தப் புகைபோக்கியைப் பார்த்தார். பிறகு, "நேர்ல பாக்கணும்" என்றார்.

அன்றிலிருந்து தொடங்கியது. மோட்டார் படகு பழுது என்றார். அது சரியானபோது, ஆற்றில் நீரோட்டம் பலமாக இருக்கிறது என்றார். பிறகு அக்கரையில் காலரா. ஒவ்வொரு முறையும் ஒரு கூடைப் பழமும் மன்னிப்புக் கடிதமும் வரும். கடிதங்கள் அழகான இங்கிலீஷில் இருந்தன. அவற்றை அழகான தமிழில் வாசித்துக் காட்டுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சாப்பாடு பெரிய பாடு. வெள்ளிமூடி போட்டு வெந்த உருளைக்கிழங்கு வரும், உப்பில்லாமல். அம்மாள் ஊரிலிருந்து கொண்டுவந்த பொரிவிளங்காய் உருண்டையையும் துரையின் பழங்களையும் தின்றே நாளைக் கடத்தினார். ஒருநாள் அறையில் ஸ்டவ் பற்றவைத்துக் கஞ்சி வைத்ததற்கு மானேஜர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். ஆறு ஜன்னலுக்கு வெளியே பெரிதாக ஓடிக்கொண்டிருந்தது. அம்மாள் தனியாக இருக்கப் பயந்ததால் கரைவரைக்கும்கூட நான் போகவில்லை.

எனக்கு வேறொரு கவலை. ஜூன் முதல் திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. எங்கள் தலைமை ஆசிரியை ஒரு நாள் தாமதத்தையும் பொறுப்பவர் அல்ல. நாங்கள் ஏறியிருக்க வேண்டிய கப்பல் சங்கை ஊதிக்கொண்டு எங்கள் ஜன்னலுக்கு வெளியே கடந்து போனது. பன்னிரண்டாம் நாள் நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"அம்மா, மூடிக் கெடக்குற மில்லப் பாத்து என்ன செய்யப்போறீக? கையெழுத்தப் போட்டா நாளைக்கே கெளம்பலாம். எனக்கு வேலை போயிரும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களும் அந்தாளு பக்கந்தானா?"

அதற்குப் பிறகு இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை.

அந்த இரண்டு நாளில்தான் எல்லாம் மாறியது. குளிக்க வெந்நீர் சுமந்து வருகிற ஆள் ஒருவர் உண்டு. நாற்பது வயதுக்காரர். பதினான்காம் நாள் காலையில் வழக்கம்போலத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தவர், கையில் சுட்டுக்கொண்டு ஏதோ முனகினார். அம்மாள் சடாரென்று எழுந்து உட்கார்ந்தார். அவர் முனகியது தெலுங்கில். ரங்கூனில் மூட்டை தூக்குவதிலிருந்து படகு தள்ளுவதுவரை பாதிப்பேர் தெலுங்குக்காரர்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியவே இல்லை. ராஜபாளையத்துத் தெலுங்கும் அவருடைய கடற்கரைத் தெலுங்கும் வேறு வேறு. ஆனாலும் இருவரும் செத்த நேரத்தில் சிரித்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரிந்தால் ஒன்பது புரியவில்லை. பிறகு அம்மாள் ஜன்னலைக் காட்டினார். அந்த ஆள் தலையை ஆட்டி, ஆற்றின் வளைவுப் பக்கம் கையை வீசினார்.

அவர் போன பிறகு அம்மாள் என்னிடம் வந்தார். "டீச்சரம்மா, அந்தப் பொகையில்லாத கொழாயி மரம் அறுக்குற மில்லோடதாம். நம்ம மில்லு வளைவுக்கு அங்கிட்டு இருக்காம். ராவும் பகலும் ஓடுதாம். இவரு தம்பி அங்கதான் மூட்டை தூக்குதாராம்."

பதினான்கு நாள் நான் வாசித்த இங்கிலீஷ் முழுக்கப் பொய். வெந்நீர்க்காரரின் பத்து நிமிஷப் பேச்சு உண்மை. அந்த மனிதர்மேல் எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை.

மறுநாள் காலை அவர் ஏற்பாடு செய்த சம்பான் படகில் அக்கரை போனோம். அம்மாள் படகின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி வந்தார். வளைவு திரும்பியதும் சத்தம் கேட்டது. நெல் ஏற்றிய படகுகள் மில் படித்துறையில் முட்டிக்கொண்டு நின்றன. உமி மலைபோலக் குவிந்திருந்தது. தூசி முகத்தில் வந்து அப்பியது.

துரை ஆபீஸ் அறையில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, சொல்லியிருந்தால் நானே படகு அனுப்பியிருப்பேனே என்றார். சமீபத்தில்தான் மில்லைத் திறந்து பார்க்கிறோம், வெறும் சோதனை ஓட்டம் என்றார்.

அம்மாள் உட்காரவில்லை. "கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லுங்க."

நான் சொன்னேன். அம்மாள் தங்களுடைய உபசாரத்துக்கு மிகவும் கடமைப்பட்டிருப்பதாகவும், ஆனால் இப்போதைய நிலையில் இன்னும் யோசிக்க அவகாசம் வேண்டுவதாகவும் இங்கிலீஷில் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வெள்ளைக்காரர் முன்னால் வாய் தானாக வளைந்தது.

அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். "நான் சொன்னது நாலு வார்த்தை. நீங்க என்ன இம்புட்டு நீளமாச் சொல்லுதீக?"

துரையின் பக்கம் திரும்பி, "கையெழுத்துப் போட மாட்டார்" என்று மட்டும் சொன்னேன். துரை தொப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார், மறுபடி எடுத்தார்.

அடுத்த நாள் மத்தியானத்துக்குள் அறைகளைக் காலி செய்யும்படி ஹோட்டலில் சொல்லிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கக்கூட ஆள் வரவில்லை. வெந்நீர்க்காரர்தான் பின்வாசல் வழியாகத் தூக்கி வந்து, நாட்டுக்கோட்டை நகரத்தார் நடத்திய ஒரு சத்திரத்தில் சேர்த்தார். அங்கே ரசமும் சோறும் போட்டார்கள். அம்மாள் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். அங்கே பழக்கமான ஒரு தமிழ் வக்கீலிடம் விஷயத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறினோம். வக்கீல் கெட்டிக்காரர். அதன்பிறகு சில வருஷம் அம்மாளின் பங்கு ஒழுங்காக வந்தது. பின்னர் யுத்தம் வந்தது, ரங்கூன் விழுந்தது, மில்லும் போயிற்று, துரை என்ன ஆனார் என்றும் தெரியவில்லை.

நான் பதினொரு நாள் தாமதமாகப் பள்ளியில் போய் நின்றேன். தலைமை ஆசிரியை காரணம் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று, ஒன்றாம் வகுப்புக்குப் போ என்றார். போனேன். மறுபடி ஐந்தாம் வகுப்பு கிடைக்க நான்கு வருஷம் ஆயிற்று.

ராஜபாளையத்தில் அம்மாள் இந்தக் கதையைப் பலபேரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதில் வெந்நீர்க்காரர் வருவார், சம்பான் வரும், துரையின் வெளுத்த முகம் வரும். நான் வரமாட்டேன். வந்தால்தான் என்னைப் பற்றி என்ன சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அவரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. திரும்பி வந்த அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் என்னை இறக்கிவிடும்போது, ரயில் பெட்டிக் கதவில் நின்றபடி அவர் கேட்டார்.

"நான் வேணா ஒங்க பெரிய டீச்சரம்மாவ வந்து பாக்கட்டுமா? என்னாலதான் பிந்துச்சுன்னு சொல்லுதேன்."

"ஒண்ணும் வேண்டாம்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அந்த வீறாப்பு எனக்கு எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை.