காற்றுக் குளத்துக்கு வாங்கிய படகு

நான் கைலி வியாபாரம் செய்கிறவன். ஒரு கடைக்காரன் எந்தச் சரக்கை வாய் வலிக்கப் புகழ்கிறானோ அதுதான் அவனிடம் தேங்கிக் கிடக்கிற சரக்கு என்று நம்புகிறவன். நானே அப்படித்தான் விற்றிருக்கிறேன். அந்தப் புத்திதான் என் அண்ணனைத் தண்ணீருக்குள் இறக்கியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லத் தைரியம் வராது.

அண்ணனை நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். பாதி ஆயுசு வளைகுடாவில் கழிந்தவர். இந்த லீவில் வந்ததும் வராததுமாக, "ஏலே, ரிமோட்டுல ஓடுத படகு ஒண்ணு வாங்கணும். அங்கன வெள்ளிக்கிழமையானா கடற்கரையில பயலுவ ஓட்டுதானுவ. நான் ஓரமா நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றார். ஐம்பது தாண்டிய மனுஷனுக்கு இப்படி ஓர் ஆசை. சிரிப்பும் வந்தது, மனசுக்குக் கஷ்டமாகவும் இருந்தது. நல்லதாகப் பார்த்து வாங்குகிற பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார்.

அப்போது ஆனி மாதம். அணை திறந்து எங்கள் ஊர்க் குளத்தில் தண்ணீர் ஏறியிருந்தது. ஆனால் ஆனியிலும் ஆடியிலும் மலைப் பக்கமிருந்து இறங்குகிற காற்று எங்கள் ஊரில் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். கோயம்புத்தூரில் படகு விற்கிற ஒருவருக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன்.

"அப்படின்னா அடி கூரா, கனமா இருக்கிற படகா எடுங்க" என்றார் அவர். "அலையைக் கிழிச்சுட்டுப் போகும். கவுந்தாலும் தானா நிமிர்ந்துக்கும். வேகம் கொஞ்சம் கம்மிதான். அடிப்பாகம் ரெண்டா இருக்கிற அந்த ரெட்டை அடிப் படகு மட்டும் வேண்டாங்க. காத்து அடியில புகுந்தா தூக்கிப் போட்டுரும். கவுந்தா கவுந்ததுதான்."

அந்த மெதுவான படகை அவர் அஞ்சு நிமிஷம் புகழ்ந்தார். ஓஹோ, விற்காத சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடம்! வேண்டாம் என்று அவர் சொன்ன ரெட்டை அடிப் படகையே வரவழைத்தேன். செக்கச்செவேல் என்று பார்க்க ராஜா மாதிரி இருந்தது.

"காத்துக்குத் தாங்குமாலே?" என்று காக்கா கேட்டார்.

"அதுக்குன்னே பாத்து எடுத்தது காக்கா" என்றேன். கூசாமல் சொன்னேன்.

மறுநாளே சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுக் குளத்துக்குப் போனோம். கரையில் நிற்க முடியவில்லை, கைலி காலைச் சுற்றிக்கொண்டது. வழக்கமாக மிதக்கிற நீர்க்காகங்களில் ஒன்றுகூடத் தண்ணீரில் இல்லை. அலை கரைக்கல்லில் மோதி முகத்தில் தெறித்தது. திரும்பிப் போகலாமா என்றுகூட வாய்வரை வந்தது. ஆனால் காக்கா பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

குளத்தில் மீன் குத்தகை எடுத்திருந்த அண்ணாச்சி தூரத்திலிருந்து வந்தார். "பாய், படகு விடுங்க, வேண்டாங்கலை. ஆனா யாரும் தண்ணியில எறங்காதிய. நடுவுல வலை கெடக்கு. இந்த அலையில மிதப்புக் கட்டை தெரியாது" என்று சொல்லிவிட்டு தண்ணீர் வழிந்தோடுகிற மறுகால் பக்கம் போனார்.

"மீனைப் பிடிச்சுட்டுப் போயிருவோம்னு பயப்படுதாருலே" என்று காக்கா கண்ணடித்தார். நானும் ஆமாம் போட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தானே.

முதல் சுற்றில் படகு பறந்தது. காக்கா சின்னப் பையனைப் போலக் கூச்சல் போட்டார். இரண்டாவது சுற்றில் காற்றுக்கு எதிராகத் திருப்பினார். மூக்கு தூக்கியது, அவ்வளவுதான், படகு செத்த மீனைப் போல மல்லாந்துவிட்டது. ரிமோட்டை என்ன முறுக்கியும் அசையவில்லை.

காக்கா சட்டையைக் கழற்றினார்.

"வேண்டாம் காக்கா. பொறவு பைய எடுத்துக்கிடலாம்."

"போலே! வெள்ளத்துல ஆத்தை நீந்திக் கடந்தவன் நான். இந்தக் குளம் ஒரு குளமா?"

சின்ன வயதில் கடந்திருக்கிறார், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் நீந்தியதே இல்லை. கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. என் தேர்வு தப்பு என்று ஆவதற்குள் படகு கைக்கு வந்துவிட வேண்டும், எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

அடித்தது மேற்கிலிருந்து வருகிற மேல்காற்று. நாங்கள் நின்றதோ கிழக்குக் கரை. சும்மா நின்றிருந்தாலே படகு தானாக ஒதுங்கியிருக்கும். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. காக்கா நடுக்குளத்தை நெருங்கும்போது படகு அவரை விட்டு விலகி, அலைமேல் ஏறி இறங்கி என்னைப் பார்த்து வந்தது. என் கண் படகின் மேலேயே இருந்தது. கணுக்கால் தண்ணீரில் இறங்கி அதை எடுத்தேன். தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். "காக்கா! வந்துட்டு! திரும்புங்க!"

அவர் கையைத் தூக்கினார். நான் படகை ஆட்டினேன். மறுபடி தூக்கினார். சந்தோஷப்படுகிறார் என்று நினைத்து இன்னும் உரக்கச் சிரித்தேன். மூன்றாம் முறை கை மட்டும்தான் தெரிந்தது, தலை இல்லை.

யா அல்லாஹ்! எனக்கு நீச்சல் சுமார்தான். கரையோடு ஓடினேன், தொண்டை கிழியக் கத்தினேன். அண்ணாச்சி தெர்மோகோல் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு போய், காலில் சுற்றியிருந்த வலையை அறுத்து, அவரை இழுத்து வந்து கரையில் போட்டார். புரட்டி, முதுகில் அடித்து, நெஞ்சை அமுக்கினார். எத்தனை நேரம் என்று தெரியாது. கடைசியில் காக்கா தண்ணீரைக் கக்கிவிட்டு மூச்சு விட்டார்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் அவருக்குப் பேச்சு வந்தது. நான் கட்டில் ஓரத்தில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். குரலில் கோபமே இல்லை.

"ஏலே, மூணு தடவை கையைக் காட்டுனேன். நீ சிரிச்சுக்கிட்டே நின்னே."

படகு கிடைத்துவிட்டதே என்றுதான் சிரித்தேன் காக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அதைவிடக் கேவலமான பதில் இருக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு கஞ்சியை ஆற்றினேன்.