பெரிய வெள்ளியில் திறந்திருந்த சாப்பாட்டுக்கடை

அந்த வருடம் பெரிய வெள்ளியன்று நானும் என் கணவரும் ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான திராமனுக்குப் போனோம். முன்பு அவரோடு ஒன்றாக வேலை செய்த ஒருவரின் வீடு அங்கே இருக்கிறது. போன் எடுத்துச் சொல்லிவிட்டுப் போவோம் என்று நான் சொன்னேன்.

"அவன் எங்கை போகப்போறான்? வீட்டிலைதான் நிப்பான்" என்றார் இவர்.

போனால் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீடும் பூட்டு, அதற்கடுத்த வீடும் பூட்டு. ஈஸ்டர் விடுமுறை வந்தால் இந்த நாடே பனிச்சறுக்குக் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு மலை ஏறிவிடும். இத்தனை காலம் இங்கே இருந்தும் ஒவ்வொரு முறையும் அது எங்களுக்கு மறந்துபோகிறது.

தண்டவாளத்தில் திருத்தவேலை நடந்ததால் ரயிலுக்குப் பதிலாக பஸ் விட்டிருந்தார்கள். திரும்பி வரும்போது அந்தப் பெரிய பஸ்ஸில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. ஒஸ்லோவில் இறங்கினோம். ரொம்மனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அடுத்த மெட்ரோ வர நிறைய நேரம் இருந்தது. கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. காலையில் குடித்த தேநீரோடு இருவரும் நின்றோம். ஆற்றங்கரைப் பக்கம் ஏதாவது திறந்திருக்கும், நடப்போம் என்றார் இவர்.

கடலில் இருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. பின்னேரம்தான், ஆனாலும் தெருவிளக்குகள் எரிந்தன. டிராம் ஓடாத தெருவில் எங்கள் சப்பாத்துச் சத்தம் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்தது. யாரோ பின்னால் வருவதுபோல இருந்ததால் நான் இரண்டொரு தடவை திரும்பிப் பார்த்தேன். எனக்கு வேறு ஒரு யோசனையும் இருந்தது. எங்கள் ஒரே மகள் வடக்கே ஹம்மர்பெஸ்டில் வேலை செய்கிறாள். விடுமுறைக்கு நண்பர்களோடு பனிமலைக்குப் போவதாகச் சொன்னவள், முதல் நாளில் இருந்து போன் எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் மணி அடிக்கவில்லை.

"அவள் என்ன சின்னப்பிள்ளையே? நீர் சும்மா யோசியாதையும்" என்று சொல்லிக்கொண்டே இவரும் தன்னுடைய போனை எடுத்துப் பார்ப்பார்.

ஒரு குறுக்குத் தெருவில் திரும்பியபோது வெண்ணெயில் வெங்காயம் வதங்கும் வாசம் வந்தது. அந்த வெறிச்சோடிய தெருவில் அது ஒரு மனிதக் குரலைப்போல இருந்தது. வாசத்தைப் பிடித்துக்கொண்டே போனோம். பழைய செங்கல் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் கதவு பாதி திறந்திருந்தது. மேலே கடையின் பெயர்ப்பலகை, அதில் விளக்கு இல்லை. கண்ணாடிக்கு உள்ளே மெழுகுதிரிகள் எரிந்தன.

உள்ளே போனதும் நான் நின்றுவிட்டேன். நீளமான கூடம். எல்லா மேசைகளிலும் மஞ்சள் விரிப்பு, மஞ்சள் மெழுகுதிரி, துடைத்து வைத்த கிண்ணங்கள், மடித்த துணிகள். எல்லா இடங்களும் ஆட்களுக்காகத் தயாராக இருந்தன. ஆனால் ஒரு ஆள் இல்லை. சுவர் மணிக்கூட்டின் சத்தம் மட்டும் கேட்டது.

அடுக்களைப் பக்கமிருந்து ஒரு முதியவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பூட்டிய பொத்தான், இடுப்பில் நீளமான வெள்ளைத் துணி. எங்களைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"வந்துவிட்டீர்களா? நான் பயந்துபோனேன், இந்தப் பனியில் வழி தவறிவிட்டீர்களோ என்று" என்றார் நோர்வேஜிய மொழியில்.

ஆள்மாறி நினைக்கிறார் போலிருந்தது; நான் விளக்கத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை. என் மேலங்கியை வாங்கி மாட்டினார். யன்னலோர மேசைக்குக் கூட்டிப்போய்க் கதிரையை இழுத்துவிட்டார். அந்த மேசையில் மூன்று பேருக்கு வைத்திருந்தது.

இவர் மெதுவாகக் கேட்டார், "நீர் இஞ்சை முந்தி வந்தனீரோ?"

"நானோ? நான் ஏன் இஞ்சை வாறன்?"

"அவர் உம்மைத் தெரிஞ்ச ஆள்போலையெல்லோ கதைக்கிறார்."

வெள்ளிக்கிழமையில் நான் மச்சம் சாப்பிடுவதில்லை. இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர் குனிந்து சொன்னார்: "இன்று வெள்ளி. உங்களுக்கு இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை." நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பெரிய வெள்ளி என்பதால் அப்படிச் சொல்லியிருப்பார் என்று பிறகு தோன்றியது. அந்த நேரம் எனக்குப் பயம் வந்தது.

முதலில் சூப் வந்தது. கரட்டும் மஞ்சள் நிறமான இந்த நாட்டுக் கிழங்கு ஒன்றும் பார்லியும் போட்டு, மேலே கொஞ்சம் பாலாடை விட்ட சூப். ஒரு கரண்டி வாயில் வைத்தேன். கிழங்கு அவிந்து கரைந்து, அடியில் மெல்லிய புகைவாசம். பயத்தை மறந்து கிண்ணத்தை வழித்துக் குடித்தேன். பிறகு அடுப்பிலிருந்து இறக்கிய பாண், உள்ளே கை வைக்க முடியாத சூடு. அதன்பின் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி போட்டு வாட்டிய உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கை நான் வாழ்க்கையில் எத்தனையோ விதமாகச் சமைத்திருக்கிறேன். அது இப்படியும் இருக்கலாம் என்று எனக்குத் தெரியாது. இவர் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

மூன்றாவது கிண்ணத்திலும் அவர் சூப் ஊற்றியிருந்தார். அது ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"பிள்ளையை ஏன் வெளியே விட்டுவிட்டு வந்தீர்கள்?" என்று கேட்டார்.

நான் பாணைக் கீழே வைத்தேன். "எந்தப் பிள்ளை?"

"அதோ நிற்கிறாளே." யன்னலைக் காட்டினார். "குளிருகிறது அவளுக்கு. உள்ளே கூப்பிடுங்கள்."

யன்னலுக்கு வெளியே மூடுபனிதான். எதிர்ப்பக்கத்துச் சுவர்கூடத் தெரியவில்லை. நான் போனை எடுத்து மகளுக்கு அடித்தேன். மணி அடிக்கவில்லை. திரும்ப அடித்தேன்.

"இஞ்சருங்கோ, எனக்கு என்னவோ செய்யுது. பிள்ளைக்கு ஏதோ நடந்திட்டுது."

"விசர்க்கதை கதையாதையும். வயசான மனிசன் ஏதோ சொல்லுது" என்றார். ஆனால் இவர் முகமும் வெளிறிப்போயிருந்தது.

முதியவர் மேசையை விட்டு நகரவில்லை. கைகளைப் பிசைந்துகொண்டு யன்னலையே பார்த்தார். "நீலத் தொப்பி நனைந்துவிட்டது" என்றார். அழப்போகிறவர் போலிருந்தார்.

அப்போது இவர் எழுந்தார். போய்க் கதவை அகலத் திறந்து பிடித்தபடி வெளியே பார்த்துத் தமிழில் சொன்னார்: "வா பிள்ளை, உள்ளுக்கு வா." பனி வாசலுக்குள் வந்தது. எல்லா மெழுகுதிரிகளும் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. இவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெடுநேரம் நின்றதுபோல எனக்கிருந்தது. பிறகு சாத்திவிட்டு வந்து இருந்தார். முதியவரின் தோள்கள் தளர்ந்தன. மூன்றாவது கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு கரண்டியை நேராக்கி வைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு உள்ளே போனார்.

அவர் திரும்பி வரவேயில்லை. கூப்பிட்டுப் பார்த்தோம். மணிக்கூடுதான் ஓடியது. அதற்குமேல் அங்கே இருக்க என்னால் முடியவில்லை. மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். மெட்ரோ பிடித்து வீடு வந்து சேர்ந்தோம். வீட்டில் சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றிவிட்டு அப்படியே இருந்தேன்.

"அவளின்ரை தொப்பி சிவப்பெல்லோ?" என்றார் இவர் திடீரென்று. "போன கிழமை படம் அனுப்பினவள். சிவப்புத் தொப்பி."

ஓம், சிவப்புத்தான். அந்தச் சிவப்பைப் பிடித்துக்கொண்டுதான் அன்றிரவைக் கழித்தோம்.

அடுத்த நாள் மத்தியானம் மகள் எடுத்தாள். "அங்கை போனுக்கு டெக்னிங் இல்லையம்மா, ஒரு கோடுகூடக் காட்டேல்லை. புயல் அடிச்சது. மலைக்கை ஒரு சின்னக் குடிலிலை இருந்தனாங்கள். நான் நல்லாயிருக்கிறன். ஏனம்மா அழுறியள்?"

ஒன்றுமில்லை என்று சொன்னேன். நடந்ததை அவளுக்குச் சொல்லவில்லை.

விடுமுறை முடிந்து ஊர் திரும்பவும் நிறைந்தபின் அந்தத் தெருவுக்குப் போனோம். நான்தான் போகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். கடை அங்கேயே இருந்தது. பெயர்ப்பலகையில் விளக்கு எரிந்தது. உள்ளே சனம், சிரிப்பு, மலை வெயிலில் கறுத்த முகங்கள். எங்களைவிடச் சற்று இளைய ஒரு பெண் மேசைகளைக் கவனித்துக்கொண்டிருந்தாள். பெரிய வெள்ளியன்று இங்கே சாப்பிட்டோம் என்று சொன்னதும், அவள் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டாள்.

"அன்று நாங்கள் திறக்கவில்லை" என்றாள்.

முதியவரைப் பற்றிச் சொன்னேன். அவள் கதிரையில் இருந்துவிட்டாள். அவர் அவளுடைய தகப்பன். இந்தக் கடையைத் தொடங்கியவர். மேல்மாடியில் இருக்கிறார். நினைவு தவறத் தொடங்கிச் சில காலம் ஆகிறது. விடுமுறைக்கு அவள் மலைக்குப் போனபோது அவரைப் பார்த்துக்கொள்ளும்படி தன் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். தம்பி மேலே தூங்கிப்போனான். மின்சார அடுப்பை அவள் நிறுத்திவிட்டுத்தான் போனாள். ஆனால் பின்னறையில் காட்சிக்கு விட்டிருந்த பழைய விறகடுப்பு ஒன்று இருந்தது. அவர் தனியாக இறங்கி வந்து, அதை மூட்டி, எல்லா மேசைகளையும் போட்டு, சமைத்திருக்கிறார்.

"கட்டடமே எரிந்திருக்கும்" என்றாள். பிறகு, "சாப்பாடு நன்றாக இருந்ததா?" என்று கேட்டாள்.

"நான் சாப்பிட்டதிலேயே நல்ல சாப்பாடு" என்றேன். அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே நின்ற பிள்ளையைப் பற்றிக் கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது. இவர்தான் கேட்டார்.

"அது நான்" என்றாள் அவள். "பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த யன்னலுக்கு வெளியே நிற்பேன். ஆட்கள் சாப்பிடும்போது பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். குளிர் என்றாலும் அப்படித்தான். எனக்கு நீலத் தொப்பி ஒன்று இருந்தது." யன்னலைப் பார்த்தாள். "இப்போது என்னை யாரென்று அவருக்குத் தெரியாது. கடையில் வேலை செய்யும் பெண் என்று நினைக்கிறார். ஆனால் வெளியே நிற்கிறவளை ஒவ்வொரு நாளும் காண்கிறார். அவளை உள்ளே விடச் சொல்லி என்னிடமே கெஞ்சுகிறார்."

இவர் தான் கதவைத் திறந்து பிடித்ததை அவளுக்குச் சொன்னார். அவள் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி நடக்கும்போது இவர் சொன்னார்: "நான் அந்த மனிசனுக்காகத்தான் எழும்பிப் போனனான். ஆனால் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கை எனக்கு உடனை சாத்த மனம் வரேல்லை. ஆரோ வரட்டும், வந்து முடியட்டும் எண்டு நிண்ட மாதிரி இருந்தது. ஏனெண்டு கேளாதையும்."

கோடையில் மகள் வந்தபோது அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனோம். முதியவரை அதற்குள் ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றியிருந்தார்கள். அவருடைய மகள் எங்களுக்காக அந்தச் சூப்பைச் செய்து கொண்டுவந்து தானே பரிமாறினாள். நல்ல சூப்தான். புகைவாசம் இல்லை. எங்கள் மகள் இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தாள். சாப்பிடும் நேரம் முழுக்க நான் யன்னல் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். அவள் அதைக் கவனித்துவிட்டு, "என்னம்மா?" என்றாள்.

"ஒண்டுமில்லை, ஆறமுந்திக் குடி" என்றேன்.