பாதி வெளிச்சவீடு

“பிள்ளை, கிளச்சை மெள்ள விடும். அவசரமில்லை. ஆயிரத்தி ஐஞ்ஞூற்றி நாப்பத்தி மூண்டில கட்டின ஜெனோவா வெளிச்சவீடே இன்னும் நிக்குது. இந்த லைட் எங்கை ஓடப்போகுது?”

கோலியர்ஸ் வுட் சந்தியில் பச்சை விழுந்து ஐந்து நொடியாவது ஆகியிருக்கும். பின்னால் நின்ற வான்காரன் ஹோர்னை அழுத்தினான். தில்லையம்பலம் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய வலது கால், தனக்கென்று பூட்டிய இரண்டாவது பிரேக்கின் மேல் அடைகாக்கும் கோழியாக அசையாமல் இருந்தது.

இருபத்தாறு ஆண்டுகளாகத் தென் லண்டனின் மிட்சம் வட்டாரத் தமிழருக்கு அவர் கார் பழக்குகிறார். அவரிடம் பழகியவர்கள் இரண்டு வகை: முதல் தடவையே பாஸ் பண்ணியவர்கள், ஜெனோவாவைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள்.

ரிவர்ஸ் எடுக்கும்போது அந்த இத்தாலியத் துறைமுகத்தின் சந்துகள் வரும். “ரெண்டு பேர் எதிரெதிர வந்தா ஒராள் வயித்தை எக்க வேணும். அங்கை உமக்கு லைசென்ஸ் குடுப்பாங்களோ?” கால்பந்துக் காலத்தில் ஜன்னல்களில் இங்கிலாந்துக் கொடியைக் கண்டால், “உந்தச் சிலுவை முதல்ல ஜெனோவாக்காரற்றையெண்டு சொல்லுவினம்” என்பார். பேச்சு அந்த ஊர்ப் பேராலயத்துக்கு வந்தால் குரல் தாழும். “நாப்பத்தொண்டில பிரிட்டிஷ் கப்பல் அடிச்ச ஷெல். கூரையைப் பிச்சுக்கொண்டு விழுந்தது, வெடிக்கேல்லை. கோயிலுக்குள்ள காட்சிக்கு வைச்சிருக்கிறாங்கள். எங்களுக்கு விழுந்ததெல்லாம் வெடிச்சது.” அந்த ஒரு நிமிடம் மாணவர் எந்த கியரில் ஓட்டினாலும் திட்டு விழாது.

இவ்வளவும் சொல்பவர் ஜெனோவாவின் ஒரு தெருவிலும் நடந்ததில்லை. தொண்ணூறாம் ஆண்டு, இருபத்துநான்கு வயதில், லண்டனுக்குக் கள்ளமாக வரும் வழியில், கூட்டிவந்த ஏஜென்ட் அவரையும் இன்னும் ஆறு பேரையும் அங்கே நான்காம் மாடி அறையொன்றில் பத்தொன்பது நாள் பூட்டி வைத்தான். ஜன்னல் திறக்கத் தடை. ஜன்னலின் மரக்கதவில் சட்டம் ஒன்று உடைந்திருந்தது. அதன் வழியே கையகலக் கடலும் வெளிச்சவீட்டின் இடப்பக்கப் பாதியும் தெரிந்தன. இருபதாம் நாள் லொறியில் ஏற்றித் தார்ப்பாயால் மூடிவிட்டார்கள். மற்றதெல்லாம் நூலகத்துப் புத்தகங்களில் படித்தது.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்து இருபது வருடம். விமானத்தில் இரண்டு மணி நேரம். மூன்று முறை டிக்கெட் எடுத்தார். மூன்று முறையும் அதே நாளில் யாரோ ஒரு மாணவருக்கு டெஸ்ட் வந்துவிட்டது. லண்டனில் டெஸ்ட் தேதி குதிரைக்கொம்பு. இவர் டிக்கெட் எடுத்தால் மட்டும் கொம்பு முளைக்கும்.

“உந்த மனுசன் ஜெனோவாக்கு மாப்பிள்ளை, எனக்கு ட்ரைவர்” என்பார் மனைவி பாலாம்பிகை.

போன மாதம் றூபினி வந்தாள். நான்காம் தடவை பாஸ் பண்ணியவள். அவர் பேச்சைக் கேட்டுத் தேனிலவுக்கு ஜெனோவா போய் வந்தவள். பிஸ்கட் டின்னை மேசையில் வைத்தாள்.

“அங்கிள், எல்லாம் நீங்கள் சொன்ன மாதிரியே! குன்றுக்குப் போற லிஃப்டில ஏறி மேல நிண்டு துறைமுகத்தைப் பாத்தனாங்கள். நீங்களும் அதில நிண்டோ வெளிச்சவீட்டைப் பாத்தனீங்கள்?”

தில்லையம்பலம் டின்னின் மூடியைத் திறந்தார், மூடினார்.

“இல்லைப் பிள்ளை. அதின்ரை வலப்பக்கம் எப்பிடி இருக்கு?”

“ரெண்டு பக்கமும் ஒண்டுதானே அங்கிள்!” அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

சமையலறை வாசலில் நின்ற மகள் மேனுஷா சிரிக்கவில்லை. அன்று மாலையே ஜெனோவாவுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள்.

“அண்டைக்கு ஆருக்கோ டெஸ்ட் போல...”

“ஒருத்தருக்கும் இல்லை அப்பா. உங்கட டயரியைப் பாத்திட்டுத்தான் எடுத்தனான்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முழுசாப் பாத்திட்டா, பிறகு நான் என்னத்தை நினைச்சுக்கொண்டிருக்கிறது மகள்?”

மேனுஷா அவருடைய காலுறைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

சனிக்கிழமை காலை அவள்தான் கட்விக் விமான நிலையத்துக்குத் தன் காரை ஓட்டினாள். யார் ஓட்டினாலும், பஸ்ஸானாலும் டிராமானாலும், தில்லையம்பலத்தின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும். மிட்சம் தாண்டுமுன் நான்கு தடவை மிதித்துவிட்டார்.

“அப்பா, உதில பிரேக் இல்லை.”

“தெரியும். சயந்தனுக்குத் திங்கக்கிழமை டெஸ்ட்.”

“நாங்கள் ஞாயிறே வந்திடுவம்.”

குறொய்டனில் சிவப்பு விழுந்தது. கால் மறுபடி மிதித்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து நாடாவை அவிழ்த்தார். சப்பாத்து இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தார். பச்சை விழுவதற்குள் இரண்டு கால்களையும் தூக்கி, இருக்கையில் சம்மணம் கட்டி உட்கார்ந்துகொண்டார்.