மாப்பிள்ளை மாடிப்படி இறங்கிய விதம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வண்டியில், சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மூன்றாவது மாடியில் குடியிருந்தவளின் வலது கால், தன் வாழ்நாளில் பாதியை அந்த பிரேக்கின் மேல்தான் கழித்திருந்தது. அவளிடம் ஓட்டப் பழகியவர்கள் வைத்த பெயர் பிரேக் மேடம். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. இளவயதில் ஒரு கம்பெனியில் டிரைவர் வேலை கேட்டுப் போனபோது, பெண்களை நம்பி வண்டி தருவதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சரி என்று வந்தவள், அந்தக் கம்பெனி தன் டிரைவர்களைப் பழக அனுப்பும் பள்ளியில் போய் வேலைக்குச் சேர்ந்தாள். முடியாது என்று சொன்னால் அவள் சண்டை போடமாட்டாள். சண்டை போட்டிருந்தால் எதிராளிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இந்த முறை முடியாது என்று சொன்னவர் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். வீடு முதல் மாடியில். லிப்ட் இல்லாத கட்டடம். யார் ஏறினாலும் இறங்கினாலும் அவர் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். ஓய்வு பெற்றதிலிருந்து அவர் கதவு பாதி திறந்தே இருந்தது. போனது யார் என்று தெரியாவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

குற்றவாளி, மேடம் வீட்டுப் பூனை. அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவர் அவள் கணவர். வேளாவேளைக்குச் சாப்பாடு, செய்கிற வேலை ஒன்றும் கிடையாது, உபசாரத்தில் ஒரு குறை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடும். வேறு என்ன பெயர் வைப்பது என்று கேட்டார் அவர். மாப்பிள்ளைக்கு இப்போது வயதாகிச் சிறுநீரகம் தளர்ந்துவிட்டது. வாரா வாரம் கொண்டுவந்தால் தோலுக்கடியில் சலைன் ஏற்றி இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓட்டலாம்தான், படியில் இறங்க முடிந்தால். கம்பிக் கூண்டில் வைத்துத் தூக்கினால், மேலிருந்து தெருவரை அது போடுகிற கூச்சலில் கட்டடம் முழுக்கக் கதவு திறந்தது.

“மேடம், பூனையே வளக்காதீங்கன்னு நான் சொல்லல” என்றார் செயலாளர். அதைத்தான் சொல்லப்போகிறார் என்பதற்கு அது அடையாளம். “கூட்டத்துல பேசி முடிவு பண்ணியாச்சு. இன்னொரு தடவ படியில அந்தச் சத்தம் கேட்டா, அது வேற இடம் பாத்துக்கணும்.”

“சத்தம் கேட்டா.”

“ஆமா.”

“கேக்கலன்னா?”

அவர் சிரித்தார். “மேடம், அது பூனை.”

அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் பையை வாங்கினாள் என்று கணவர் பிற்பாடு சொல்வதுண்டு. முதுகில் மாட்டுகிற பை. வெளிப்பக்கம் வலை, அடியில் தட்டையான பலகை. கொண்டுவந்ததும் கூடத்தின் நடுவில் திறந்து போட்டுவிட்டு, அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“உள்ள விடலியா?” என்றார் கணவர்.

“புதுசா வர்றவங்க கையில நான் என்னைக்காவது மொத நாளே சாவி குடுத்திருக்கேனா?”

அப்படித்தான் நடந்தது. தன் பழைய காட்டன் புடவை ஒன்றை மடித்து உள்ளே போட்டாள். சாப்பாட்டுக் கிண்ணம் பைக்குப் பக்கத்தில் போனது, பிறகு பையின் வாய்க்கு, பிறகு உள்ளே. மாப்பிள்ளை கழுத்தை மட்டும் நீட்டிச் சாப்பிட்டது. சில நாளில் உடம்பையும் அனுப்பியது. அது தூங்கும்போது ஜிப்பைப் பாதி மூடினாள். இன்னொரு நாள் முழுக்க மூடி, விழிப்பதற்குள் திறந்தாள். தூக்கி அதே இடத்தில் வைத்தாள். மாட்டிக்கொண்டு சமையலறைவரை போய் வந்தாள். வீட்டுக்குள் மாப்பிள்ளை பல்லக்கில் போவதுபோல் போயிற்று. இதற்கிடையில் டாக்டர் இரண்டு முறை வீட்டுக்கே வந்து ஊசி போட்டுவிட்டு, இனிமேல் கிளினிக்கை விட்டு வர முடியாது என்று சொல்லிப் போனார்.

செயலாளர் காய்கறி வாங்கப் போகிற நேரம் பார்த்து, மொட்டைமாடிக்குப் போகும் படிகளில் ஒத்திகை பார்த்தார்கள். முதல் படியில் மாப்பிள்ளை லேசாக முனகியது. இரண்டாவதில் கத்தியது. மூன்றாவதில் கூண்டுக் காலத்தை மிஞ்சிவிட்டது. அடுத்த நாளும் அப்படியே. எத்தனையோ பேருடைய பயத்தைத் தெளிவித்தவளுக்கு, வீட்டு மாப்பிள்ளையிடம் பாச்சா பலிக்கவில்லை.

“பிடிவாதம்” என்றாள் அவள்.

கணவர் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவர். உற்றுப் பார்ப்பதும் வாயைத் திறக்காமலிருப்பதும் தொழிலில் வந்த பழக்கம். மனைவியிடம் கார் ஓட்டப் பழகி மூன்றாம் பாடத்தில் கைவிட்டவரும்கூட. அவர் சொன்னார்: “பிடிவாதம் அதுக்கில்ல. உன் காலப் பாரு.”

“என் காலுக்கு என்ன?”

“அது சும்மா ஒரு முனகு முனகுது. ஒடனே நீ பிரேக் போடுற. வலது கால் தரையில ‘தொம்’முனு இறங்குது. அந்த அதிர்வு முதுகு வழியாப் பைக்குள்ள போகுது. அது பதறிக் கத்துது. நீ மறுபடி போடுற.”

அவள் நம்பவில்லை. அவர் பையில் நாலைந்து எவர்சில்வர் டம்ளர்களை வைத்து அவள் முதுகில் மாட்டி, கூடத்தில் நடக்கச் சொன்னார். சத்தமே இல்லை. பிறகு பின்னாலேயே போய், “மியாவ்” என்றார். டம்ளர்கள் கலகலத்தன.

உலகத்துக்கே பயம் தெளிவித்தவள், தன் காலைப் பழக்க மறந்திருந்தாள். “இன்னொரு தடவ கத்துங்க” என்றாள்.

அன்றிலிருந்து காலையிலும் மாலையிலும் அவள் டம்ளர்களோடு நடந்தாள். அவர் பின்னால் கத்தினார். பசித்த பூனை, கோபித்த பூனை, வால் மிதிபட்ட பூனை என்று வகைவகையாகக் கத்துவதில் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. டம்ளர்கள் அடங்கிக்கொண்டு வந்தன. ஒருநாள் அழைப்பு மணி அடித்தது. வாசலில் செயலாளர்.

“கீழவரைக்கும் பூனச் சத்தம் கேக்குது மேடம்.”

“பூனை இல்ல சார். இவர்தான்.”

செயலாளர் எட்டிப் பார்த்தார். பீரோவின் மேல் தூங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை அவர் கண்ணில் படவில்லை. கூடத்தின் நடுவில் வேட்டியை மடித்துக் கட்டி நின்றவர் மட்டுமே பட்டார்.

“சாரா?”

“ஆமா. மனுஷங்க கத்துறதப் பத்திக் கூட்டத்துல ஏதும் பேசியிருக்கீங்களா?”

செயலாளர் கணவரைக் கொஞ்ச நேரம் இரக்கத்தோடு பார்த்துவிட்டு இறங்கிப்போனார்.

வியாழக்கிழமை மாப்பிள்ளை படியிறங்கியது. இரண்டு முறை முனகியது. அவள் கால் ஒன்றும் செய்யவில்லை, அதனால் அதுவும் மேற்கொண்டு ஒன்றும் செய்யவில்லை. பாதிக் கதவுக்குள் செயலாளர் செய்தித்தாளைப் புரட்டும் ஓசை கேட்டது. அவர்கள் தாண்டினார்கள். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் தாண்டினார்கள். சலைன் ஏறியதில் மாப்பிள்ளைக்குப் பழைய திமிர் கொஞ்சம் திரும்பியிருந்தது.

இன்னொரு வியாழக்கிழமை செயலாளர் வாசலிலேயே நின்றிருந்தார். அவள் சுவரோரம் ஒதுங்கினாள்; பை சுவர்ப் பக்கம், கணவர் ஒரு படி மேலே.

“மேடம், உங்களப் பாராட்டணும்னு இருந்தேன். கஷ்டமான முடிவுதான், ஆனா நல்ல முடிவு.”

“எந்த முடிவு சார்?”

“பூனைய அனுப்புனது. இப்ப சத்தமே இல்லியே. அன்னைக்குச் சார் அப்படிக் கத்துனப்ப எனக்கு விளங்கல. அப்புறம்தான் புரிஞ்சது, பாவம், பிரிவு தாங்கல. கொஞ்ச நாள்ல சரியாயிடும் சார்.”

கணவர் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டார். அவள் பக்கம் திரும்பி, விட்டுவிடு என்று கண்ணால் சொன்னார். விட்டுவிடலாம். சிரித்துக்கொண்டே நாலு படி இறங்கினால் மாப்பிள்ளை சாகிறவரை நிம்மதி. அந்தப் பொய்யை அவள் சொல்லவும் இல்லை. சத்தம் வராமலிருக்க இத்தனை பாடுபட்டது எதற்காக, இதற்காகத்தானே. ஆனால் அவள் செய்த வேலைக்குத் தோற்றுப்போனாள் என்று பெயர் விழுந்திருந்தது, அதுவும் பாராட்டாக.

அவள் திரும்பி, முதுகைக் காட்டி நின்றாள்.

வலைக்குப் பின்னால் மாப்பிள்ளை செயலாளரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, கொட்டாவி விட்டது. சத்தமில்லாத கொட்டாவி.

“இவர் எங்கயும் போகல சார்” என்றாள் சுவரைப் பார்த்தபடி. “வியாழக்கெழம வியாழக்கெழம உங்க வாசல் வழியாத்தான் போறார்.”

“இது... முடிவுக்கு விரோதமாச்சே.”

“முடிவு சத்தத்தப் பத்தி. சத்தம் கேட்டீங்களா?”

“கேக்கலயே. கேட்டிருந்தா நான் விட்டிருப்பேனா?”

“அப்ப சரி.”

“இருங்க மேடம். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல.”

“இப்பச் சொல்லிட்டேன்.”

“அடுத்த கூட்டத்துல இதப் பேசாம விடமாட்டேன்.”

“பேசுங்க. நாங்க மூணு பேரும் வர்றோம்.”

படிகள் முடிந்து தெரு வந்தது. எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு போக, மாப்பிள்ளை அத்தனை வாரமும் சேர்த்துவைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் கத்தித் தீர்த்தது. கணவர் அண்ணாந்து பார்த்தார். முதல் மாடி ஜன்னலில் செயலாளரின் முகம் இருந்தது.

“கேட்டுட்டார்” என்றார்.

“கேக்கட்டும். தெருவுக்கு அவர் செயலாளர் இல்ல” என்று சொல்லிவிட்டு, அவள் பையின் பட்டையை இன்னும் ஒரு பிடி இறுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.