ஐந்து செக்கன் மௌனமும் ஈஸ்டர் பியரும்

சின்னப் பியர்க் கொம்பனியில் வேலை செய்கிறவர்களின் கையில் பியர் மணக்காது, சவர்க்காரம்தான் மணக்கும்: பியர் நொதிக்கிற தாங்கி கழுவுவது, போத்தல் கழுவுவது, கழுவின தரையைத் திரும்பக் கழுவுவது என்றே பொழுது போய்விடும். முதலாளியே தும்புத்தடி பிடிக்கிற இடத்தில் நீங்களும் வேலை பார்த்திருந்தால் பக்கத்தில் வந்து இருங்கள், சேர்ந்தே பெருமூச்சு விடுவோம்.

எனக்கு வயது பத்தொன்பது. ஜிம்னாசியம் என்கிற உயர்பள்ளி முடித்ததும் ஒரு வருடம் புத்தகத்தைத் தொடாமல் வேலைக்குப் போவது இங்கே டென்மார்க்கில் வழக்கம். நான் போனது கரீனிடம். இரசாயனம் படிப்பித்த வேலையை விட்டுவிட்டு, சில்க்போர்க் நகரத்துக்கு வெளியே ஒரு பழைய பால் தொழிற்சாலைக் கட்டடத்தில் பியர் வடிக்கிறார். கொம்பனியில் மொத்தம் இரண்டு பேர்: அவரும் நானும்.

நாலு பேர் வேலை செய்கிற கொம்பனி

எவருடைய குரலைக் கேட்டாலும் எனக்குத் தொண்டை அரிக்கும், அந்தக் குரலில் நானும் ஒருக்கால் கதைத்துப் பார்க்கும்வரை அந்த அரிப்பு நிற்காது. இப்படிப்பட்ட ஆளிடம் கொம்பனித் தொலைபேசியைக் கொடுத்தது கரீனின் பிழை.

ஒருநாள் ஓகூஸ் நகரத்தில் இருந்து ஒரு உணவகக்காரர் எடுத்தார். போத்தல்களில் லேபிள் சரிந்திருக்கிறதாம். ஒட்டினது நான்தான். வரவேற்புப் பெண்ணாகக் கீச்சுக் குரலில் மன்னிப்புக் கேட்டு, "விற்பனைப் பகுதிக்கு மாற்றுகிறேன்" என்றேன். விற்பனைப் பகுதிக்குத் தடிமன் பிடித்திருந்தது. அது மூக்கை உறிஞ்சி, இயக்குநருக்கு மாற்றியது. இயக்குநர் இருமி இருமி, லேபிள் ஒட்டுகிற பெட்டையை இன்றைக்கே கூப்பிட்டு ஏசுவதாக வாக்குக் கொடுத்தார். எனக்குப் பக்கத்தில் கரீன் சிரிப்பை அடக்கச் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு நின்றார். உணவகக்காரர் இளகிப்போனார்.

"பிள்ளையைக் கனக்க ஏசிப்போடாதேங்கோ ஐயா, சம்பளமும் குறைவாத்தான் இருக்கும்."

இஞ்சிச் சோடா

நான் பியர்க் கொம்பனியில் வேலை செய்வதை அம்மா ஊருக்குச் சொல்லவில்லை. கோயிலில் கேட்டவர்களுக்கு "ஒரு சோடாக் கொம்பனி" என்று சொல்லி வைத்திருந்தார். அதை நம்பின குணம் மாமா, மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு இஞ்சிச் சோடா எடுக்கத் தன் வான் வண்டியோடு நேரே வந்து இறங்கிவிட்டார். (சொந்த மாமா இல்லை. சில்க்போர்க்கில் எல்லாருக்கும் மாமா.)

வாசலில் நின்று மூக்கால் ஒரு இழுவை இழுத்தார். தாங்கியைப் பார்த்தார், அடுக்கியிருந்த போத்தலைப் பார்த்தார், என் றப்பர் சப்பாத்தைப் பார்த்தார். நான் என்ன சொல்லலாம் என்று யோசிக்க முதலே மூன்று போத்தல்களைக் கடதாசியில் சுற்றச் சொன்னார். வானில் ஏறிக் கண்ணாடியைப் பதித்துச் சொன்னார்:

"பிள்ளை, நானும் உன்னைக் காணேல்லை, நீயும் என்னைக் காணேல்லை."

சுவரைப் பார்க்கிற பெண்ட்

வெள்ளிக்கிழமை பின்னேரம் என்றால் பெண்ட் என்கிற கிழவர் வருவார். எழுபது தாண்டியவர், காகித ஆலையில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். ஒரு வாய் குடிப்பார். சுவரைப் பார்ப்பார். பேருந்து ஒன்று வந்து ஆள் ஏற்றிப் போகிற நேரம் வரைக்கும் பார்ப்பார். பிறகு "அவ்வளவு மோசமில்லை" என்பார். யூட்லாண்ட் என்கிற இந்தப் பக்கத்து ஆட்களிடம் இதற்கு மேலே பாராட்டு ஸ்டொக்கில் இல்லை. சொந்த மகளின் கலியாணத்திலும் இதைத்தான் சொல்லியிருப்பார். ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

இந்த முறை கரீன் துணிந்து, ஈஸ்டர் பண்டிகைக்கென்றே வடிக்கிற ஈஸ்டர் பியரை அளவுக்கு மிஞ்சி வடித்துவிட்டார். பெட்டிகள் களஞ்சிய அறையின் ஜன்னலை மறைத்து நின்றன. பகலிலும் லைற் போட்டுத்தான் உள்ளே போகவேணும். ஈஸ்டர் பியரை ஈஸ்டருக்குப் பிறகு நாயும் மணக்காது. அதனால் மூன்றாவது தாங்கி வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்து, வட்டார ரீவியில் மாலைச் செய்திக்கு முன்னால் விளம்பரம் போடுவது என்று முடிவெடுத்தார். "இது போகாட்டி, அபி, நான் திரும்ப இரசாயனம் படிப்பிக்கப் போறன்" என்றார். கட்டடத்துச் சாவிக்கொத்தை, திருப்பிக் கொடுக்கப்போகிறவர் மாதிரி, மேசையில் சுழற்றிக்கொண்டே சொன்னதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோப்பன்ஹேகனில் இருந்து விளம்பரக்காரர் வந்தார். புயல், கடல், தாடி, வாள் எல்லாம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டில் நான் அந்தப் புயலைப் பெண்டின் குரலில் ருசி பார்த்தேன். சுவரைப் பார்த்தேன். "அவ்வளவு மோசமில்லை." கரீனின் கறுப்புப் பாண் துண்டு வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை பெண்டிடம் கேட்டோம். "ரீவியிலயோ? நானோ? வேண்டாம். குரலை வேணுமெண்டால் அந்தப் பெட்டை எடுக்கட்டும், எனக்கு அது பெரிசாத் தேவைப்படுறேல்லை" என்றார். இப்படித்தான் விளம்பரம் முடிவானது: படத்தில் ஒரு கிளாஸ், ஐந்து செக்கன் மௌனம், கடைசியில் பெண்டின் குரலில் நான் சொல்கிற "அவ்வளவு மோசமில்லை". விளம்பரக்காரருக்குத் தாங்கவில்லை. (அவருடைய தலைநகர டேனிஷை எழுதப் போனால் எனக்குச் சென்னைத் தமிழ்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

"அஞ்சு செகண்ட் யாரும் ஒண்ணும் பேசாம இருக்கறதுக்கா மேடம் இவ்வளவு செலவு பண்றீங்க?"

விளம்பரம் வேலை செய்கிறது

முதல் நாள் விளம்பரம் போய்ப் பத்து நிமிடத்தில் தொலைபேசி அலறியது. கரீன் ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடர் ஒன்றுமில்லை. "உங்கட விளம்பரம் வந்தவுடனே என்ரை ரீவியில சத்தம் நிண்டுபோச்சு, ஆர் திருத்தித் தாறது?" என்று ஒரு முதியவர் கேட்டார். அந்த வாரம் முழுக்க நான் ரீவி திருத்துகிற பகுதியாகவும் வேலை செய்தேன்.

ஐந்தாம் நாள் ஒரு அம்மணி எடுத்தார். குரலில் அப்படி ஒரு சந்தோசம். கரீன் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"உங்கட விளம்பரத்தைப் பார்த்தவுடனே வாயூறிச்சுது, உங்கடையைக் கடையில காணேல்லை, பெரிய கொம்பனியின்ரை பெட்டி ஒண்டு வாங்கினனான், நல்லா இருந்தது, நன்றி."

ரீவி இல்லாதவர்கள்

சின்னக் கொம்பனிப் பியரைத் தேடித் தேடிக் குடிக்கிறவர்கள் யாரென்றால் ஓகூஸ் பக்கத்துத் தாடிக்காரப் பெடியள். ஒரு கிளாசை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். அவர்கள் கூடுகிற ஒரு பாருக்கு நான் பெட்டி கொண்டுபோனேன். விளம்பரத்தைப் பார்த்தவர் யாராவது உண்டா என்று கேட்டேன். ஒருவரும் இல்லை. வீட்டில் ரீவி வைத்திருக்கிறவரே ஒருவரும் இல்லை. ரீவியில் வந்தது என்று நான் வாய் தவறிச் சொன்னதைக் கேட்டு, வழக்கமாக எங்கள் பியர் வாங்குகிற ஒருவர் கிளாசைத் தள்ளி வைத்தார்.

"ரீவியில வாறதெண்டால் இனி அதை என்ரை அப்பாவெல்லோ குடிப்பார்."

இயக்குநருக்கு ஒரு ஓடர்

ஈஸ்டருக்கு ஒன்றரைக் கிழமை இருந்தது. ஜன்னல் இன்னும் தெரியவில்லை. கரீன் ஏசவில்லை, என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் பழைய இரசாயனப் புத்தகம் ஒன்று மேசைக்கு வந்திருந்தது. அதைப் பார்த்த அன்று நான் ஒருவரின் குரலிலும் கதைக்கவில்லை.

வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வந்தார். செய்திக்கு முன்னால் அங்கே எல்லாரும் கரண்டியை வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்களாம். ஐந்து செக்கன் முடிய எல்லாரும் ஒரே குரலில் "அவ்வளவு மோசமில்லை!" கஞ்சிக்கும் அதைத்தான் சொல்கிறார்களாம், குளிக்கவார்த்துவிட்டாலும் அதைத்தான் சொல்கிறார்களாம். நான் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாலை ஆறரைக்கு ரீவிக்கு முன்னால் இருக்கிறவர்கள் யார் என்று கரீனுக்கும் விளம்பரக்காரருக்கும் எனக்கும் யோசனை போகவில்லை. எங்கள் வீட்டிலேயே ஒருவர் ஒவ்வொரு நாளும் அவர்களுக்குப் பிளாங்கெட் போர்த்திவிட்டு வருகிறார். "ஈஸ்டர் விருந்துக்குக் குடுக்கலாமோ எண்டு கேட்டுப் பாருங்கோவன்" என்றேன். அம்மா உடுப்பு மாற்றப் போய்விட்டார். சோடாக் கொம்பனி அவருடைய மானப் பிரச்சினை.

அடுத்த நாள் தொலைபேசி அடித்தது. பழக்கதோசத்தில் இருமிவிட்டு, "இயக்குநர் பேசுகிறேன்" என்றேன். மறுபக்கம் ஒரு பெண் சுத்தமான டேனிஷில் முதியோர் இல்லத்தின் பேரைச் சொல்லி, விருந்துக்குப் பத்துப் பெட்டி ஈஸ்டர் பியர் என்று ஓடர் கொடுத்தார். நான் இன்னொருக்கால் இருமி, மிகவும் நன்றி சொன்னேன். பிறகு தமிழில் வந்தது:

"இயக்குநர் ஐயா, காலமை காயப்போடச் சொன்ன உடுப்பு இன்னும் மெசினுக்குள்ளதான் கிடக்கு."

கொஞ்சம் வயதானவர்

கரீனும் நானும் பெட்டிகளை இறக்கப் போனோம். கூடத்தில் எல்லாரும் வட்டமாக இருந்தார்கள். அம்மா என்னைக் காட்டி, "குரல் இவளுடையது" என்று சொல்லிவிட்டார். ஒருவரும் நம்பவில்லை. ஒரு கிளாசை எடுத்தேன். சுவரைப் பார்த்தேன். ஐந்து செக்கன். கூடத்தில் ஒரு கரண்டிச் சத்தம் இல்லை. சொன்னேன். கைதட்டலில் ஒருவரின் காதுக்கருவி கீச்சிட்டது. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு அம்மணி என்னைக் கிட்டக் கூப்பிட்டு, கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ரீவியில நீ கொஞ்சம் வயது போன ஆள் மாதிரித் தெரிஞ்சாய்."

ஜன்னல்

எங்கட தமிழ் ஆக்கள் வேலை செய்யாத முதியோர் இல்லம் இந்தப் பக்கத்தில் தேடினாலும் கிடைக்காது. அம்மா தன் சிநேகிதிகளுக்குச் செய்தி அனுப்பினார், அவர்கள் தங்கள் சிநேகிதிகளுக்கு அனுப்பினார்கள். ஓடர் எடுக்க இயக்குநர், விற்பனைப் பகுதி, வரவேற்பு மூவரும் ஓய்வில்லாமல் வேலை செய்தார்கள். கரீனின் கார் போதாமல், குணம் மாமா வானோடு வந்து, ஒருவரையும் காணாதவர் மாதிரியே ஓகூஸ் வரைக்கும் பெட்டி ஏற்றினார். ஈஸ்டர் விடுமுறைக்கு முதல் நாள் களஞ்சிய அறைக் கதவைத் திறந்தேன். சுவிச்சைத் தேடிப் போன கை நின்றுவிட்டது. உள்ளே வெய்யில். மேசையில் இருந்த இரசாயனப் புத்தகத்தைக் கரீன் அந்த ஜன்னலைத் திறந்து முட்டுக்கொடுக்கப் பாவித்தார்.

விடுமுறை முடிந்த வெள்ளிக்கிழமை பெண்ட் வந்தார். விளம்பரம் எப்படி என்று கரீன் கேட்டார். அவர் சுவரைப் பார்த்தார். நானும் கரீனும் அதே சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமான ஒரு போத்தலை எடுத்தார். வாசல் வரைக்கும் போனார். திரும்பி வந்து இன்னொன்றை எடுத்தார்.

"குரலைக் கடன் குடுத்தவனுக்கும் ஒண்டு வேணுமெல்லோ."

சின்னப் பியர்க் கொம்பனிக்கு ரீவி விளம்பரம் பிரயோசனப்படுமா என்று உங்கள் முதலாளியும் ஒருநாள் கேட்பார், அப்போது நீங்கள் தயங்காமல் ஓம் என்று சொல்லலாம், ரீவி பார்க்கிறவர்களின் பொய்ப்பல்லைக் கழுவிக் கொடுக்கிற ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால்.