சந்தனக் கலர் ஜாக்கெட் பிட்

செங்கல்பட்டு பஜாரில் ஒரு மேட்சிங் கடையில் பன்னிரண்டு வருடமாக நிற்கிறேன். சேலை நிறத்துக்கு ஏற்ற ஜாக்கெட் பிட் எடுத்துக் கொடுப்பது வேலை. முன் கவுண்ட்டர் எனக்கு வரவேண்டியது. எனக்குப் பின்னால் சேர்ந்தவளுக்குக் கொடுத்தார் கடைக்கார பாய்.

அவள் எடுத்துக் கொடுத்தது கலர் சேரவில்லை என்று திரும்பி வராது. நான் கொடுத்ததில் வாரத்துக்கு இரண்டு பிட்டாவது வரும். கல்பாக்கத்திலிருந்து, மாமல்லபுரத்திலிருந்து வருகிறவர்கள் நேராக அவளிடம் போவார்கள். எனக்கு வயிறு எரியும்.

அவளிடம் ஒரு பழக்கம். சேலையை விரித்ததும் இரண்டு கையாலும் பார்டரை மூடிக்கொள்வாள். நடுவில் தெரிகிற இடத்தில் பிட்டை வைத்துப் பார்ப்பாள்.

பாயிடம் சொன்னேன். "கஸ்டமர் பட்டுல கைய வெச்சித் தேய்க்கிறா பாய். வேர்வை பட்டா கறையாயிடும்."

சேலையில் கை வைக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டார். அதன் பிறகு அவள் கொடுத்ததும் திரும்பி வந்தது. மூன்றாவது வாரம் முன் கவுண்ட்டர் எனக்கு. அவள் பின்னால், லைனிங் துணிக்கு.

ஒரு மதியம் கூட்டமில்லை. அவள் இரண்டு சந்தனக் கலர் துண்டு கொண்டு வந்தாள். ஒன்றை மேட்சிங்குக்கு வந்திருந்த சிவப்புச் சேலை மேல் வைத்தாள். இன்னொன்றைப் பச்சை மேல்.

"எது பச்சையடிக்குது, சொல்லுக்கா."

"செவப்பு மேல கீதே, அது. இன்னொண்ணு ரோஸா கீது. வேற வேற துணிடீ இது."

இரண்டையும் எடுத்துச் சேர்த்து வைத்தாள். வெட்டிய ஓரம் அப்படியே பொருந்தியது. ஒரே துணி. மறுபடி பிரித்து வைத்தாள். மறுபடியும் வேறாகத்தான் தெரிந்தது. ஒன்றுதான் என்று தெரிந்தும் கண் கேட்கவில்லை.

"பக்கத்துக் கலரு ஏமாத்துதுக்கா. அதான் பார்டர மறைப்பேன்." துண்டுகளை மடித்தாள். "பாய்கிட்ட நீதான சொன்ன?"

"ஆமா."

"இன்னா பண்ணேன் உன்ன?"

ஒன்றும் பண்ணவில்லை. சிவப்புச் சேலையை மடிக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் பாயிடம் போனேன். "அவ கைய வெச்சாத்தான் கலரு சேருது பாய். முன்னாடி அவளே நிக்கட்டும்."

"நீதானம்மா வேணாம்னே?"

"நான்தான்."

கையைத் துடைத்துக்கொண்டு தொடட்டும் என்றார்.

இப்போது லைனிங் பக்கம் நான். கூட்டம் சேர்ந்தால் பிட்டும் எடுத்துக் கொடுப்பேன், பார்டரை மறைத்துத்தான் பார்க்கிறேன். என் துணியும் அதிகம் திரும்புவதில்லை. ஆனால் முன்னால் அவளைச் சுற்றிப் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டால், என் கையில் துணி கோணலாகக் கிழிகிறது.